காணாமப் போன எலிசபெத் காலத்து நாடகத்தை தேடிப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

நான் இதுல மூணு மாசம் வீணடிச்சேன், அதனால சொல்றேன். ஒழுங்கான வரிசையில போயிருந்தா நாலஞ்சு வீக்கெண்ட்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. இங்க்லாந்துல 1500களோட கடைசியில, முதலாம் எலிசபெத் ராணி காலத்துல, மேடை ஏறின நாடகங்கள்ல பாதிக்கு மேல இன்னிக்கு இல்ல, அதுல நிறைய வெறும் பேரா மட்டும்தான் இருக்கு, ஸ்க்ரிப்ட் கிடையாது. அந்தப் பேருக்குப் பின்னாடி யார் எழுதினது, எவ்வளவு காசு கொடுத்தாங்க, என்ன கதை, மேடை ஏறுச்சா இல்லையான்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. நாடகமே கைக்கு கிடைச்சிடும்னு நினைச்சு உக்காராதீங்க, கிடைக்காது. கிடைக்கிறது எல்லாம் கணக்கு வரி, ரசீது, துணி வாங்கின செலவு, இப்படித்தான்.

உதாரணத்துக்கு நான் தேடின நாடகத்தையே கடைசி வரைக்கும் வச்சுக்கறேன், 'பேஜ் ஆஃப் பிளிமத்', 1599. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர்கள் பென் ஜான்சனும் தாமஸ் டெக்கரும் சேர்ந்து எழுதினது. ஜான்சன் 1616ல தன்னோட எழுத்தை எல்லாம் திரட்டி பெரிய புத்தகமா போட்டப்ப இதை சேர்க்கவே இல்ல.

1. ஒரே ஒரு தலைப்பை எடுங்க, அதையும் பாத்து எடுங்க

லாஸ்ட் ப்ளேஸ் டேட்டாபேஸ்னு ஒண்ணு இருக்கு, ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் லைப்ரரி சர்வர்ல ஓடுது, முழுக்க இலவசம், லாகின்கூட வேணாம். 2009ல ஆரம்பிச்சது. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனிப் பக்கம் இருக்கும், அதுல பழைய ஆவணத்துல வர்ற வரி அப்படியே எழுத்து மாறாம போட்டிருப்பாங்க, அப்புறம் எந்த நாடகக் கம்பெனி, என்ன கதையா இருக்கலாம், யார் யார் என்ன சொல்லியிருக்காங்கன்னு வரும். ஒரு சாயங்காலம் ஒதுக்கி சும்மா மேய்ங்க.

எடுக்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. தலைப்புல ஒரு ஊரோ ஆளோ சம்பவமோ இருக்கணும், அப்பதான் கதையைப் பிடிக்க முடியும். 'ஹாட் ஆங்கர் சூன் கோல்ட்'னு ஒரு நாடகம் இருக்கு, 1598, அதுலயும் ஜான்சன் கை உண்டு, ஆனா "சட்டுனு வர்ற கோபம் பட்டுனு ஆறிடும்"ங்கிற தலைப்பை வச்சு கதையை எங்கன்னு போய்த் தேடுவீங்க? ரெண்டாவது, குறைஞ்சது ரெண்டு தனித்தனி வரியாவது அதைப் பத்தி இருக்கணும். ஒரே ஒரு வரி மட்டும் இருக்கிற நாடகம் புதுசா வர்றவங்களுக்கு வேணாம், சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பீங்க.

டேட்டாபேஸ்ல பக்கம் இன்னும் எழுதப்படாத தலைப்புகளும் இருக்கு. பயந்துடாதீங்க, யாரும் இன்னும் உக்காந்து எழுதலன்னுதான் அதுக்கு அர்த்தம்.

2. ஹென்ஸ்லோ கணக்கு நோட்டு: சரியான பதிப்பை எடுக்கணும்

லண்டன்ல தேம்ஸ் நதிக்குத் தெக்கால ரோஸ்னு ஒரு தியேட்டரை 1587ல கட்டினவர் பிலிப் ஹென்ஸ்லோ. அவர் எழுதி வச்ச நோட்டுதான் நமக்கு உயிர்நாடி. டைரின்னு பேரு, ஆனா மனசுல பட்டதை எழுதற டைரி எல்லாம் கிடையாது, மளிகைக் கடை பற்று வரவு நோட்டை நினைச்சுக்கோங்க. ஆளு அடகு வியாபாரமும் பண்ணினவர், அந்தக் கணக்கும் இதுக்குள்ளயேதான் கிடக்கு. இதுல இன்னொரு கூத்து, அந்த நோட்டை அவருக்கு முன்னாடி அவர் அண்ணன் தம்பில ஒருத்தர் மரம், சுரங்கக் கணக்குக்கு வச்சிருந்தார், அந்தப் பக்கங்கள் மறுகோடியில இருந்து ஆரம்பிச்சு தலைகீழா ஓடும். ஸ்கேனைத் திறந்ததும் நாடகமே இல்லையேன்னு மூடிடாதீங்க.

அசல் நோட்டு லண்டன்ல டல்விச் காலேஜ்ல இருக்கு. ஹென்ஸ்லோ மனைவியோட முதல் கல்யாணத்து மகளைக் கட்டின நடிகர் எட்வர்ட் ஆலன் நிறுவின காலேஜ் அது, அதான் பேப்பர் எல்லாம் அங்க போய்ச் சேர்ந்துச்சு. நீங்க அங்க போக வேண்டியதில்ல. ஹென்ஸ்லோ-ஆலன் டிஜிட்டைசேஷன் ப்ராஜெக்ட்ங்கிற வெப்சைட்ல பக்கம் பக்கமா படம் இருக்கு, இலவசம்.

ஆனா அந்தக் கையெழுத்தை முதல் நாளே யாராலயும் படிக்க முடியாது, அச்சுப் பதிப்பு ஒண்ணு பக்கத்துல வேணும். இங்கதான் நான் விழுந்தேன். ஆன்லைன்ல ஒரு கடையில பழைய பதிப்போட மறு அச்சு கிடைச்சுது, 1,400 ரூபா, அட்டை அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன். வந்து பாத்தா 1845ல ஜான் பெய்ன் காலியர் போட்ட பதிப்பு. யார் இந்தக் காலியர்னு கேக்குறீங்களா? பெரிய அறிஞர், அதே சமயம் பழைய ஆவணத்துல தானே வரிகளை எழுதிச் சேர்த்த ஃபோர்ஜரி மன்னன். அவர் கை பட்ட ஆவணங்கள்ல இந்த நோட்டும் உண்டு. ரெண்டு வாரம் அந்தப் புத்தகத்துல குறிப்பு எடுத்ததை அப்படியே தூக்கிப் போட்டேன்.

எடுக்க வேண்டியது இது: டபிள்யூ. டபிள்யூ. க்ரெக் 1904-1908ல போட்ட பதிப்பு, காப்பிரைட் முடிஞ்சது, இண்டர்நெட் ஆர்க்கைவ்ல சும்மாவே இறக்கலாம், எது எது போலின்னும் அதுல சொல்லியிருப்பார். இல்லன்னா ஃபோக்ஸும் ரிக்கர்ட்டும் சேர்ந்து 1961ல போட்டது, அதோட ரெண்டாம் பதிப்பு 2002, இது காசு, ஆனா பல்கலைக்கழக லைப்ரரிகள்ல கேட்டுப் பாக்கலாம். கையில காசு இல்லன்னா க்ரெக் போதும், தாராளமா.

3. ஸ்பெல்லிங், காசு, தேதி

இந்த மூணையும் கத்துக்காம தேட ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது.

ஸ்பெல்லிங்: நான் ஸ்கேன் பிடிஎஃப்ல இன்னிக்கு எழுதற மாதிரி 'பிளிமத்'னு டைப் பண்ணித் தேடினேன், ஒண்ணும் வரல. 'பேஜ்'னு மட்டும் தேடினேன், பக்க எண் போட்ட எடம் எல்லாம் வந்து நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, ஹென்ஸ்லோ அதை 'பாக்கே ஆஃப் ப்ளெமத்'னு படிக்கிற மாதிரி எழுதி வச்சிருக்கார். ஷேக்ஸ்பியர் நாடகம் டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ் அவர் கையில 'ஒண்ட்ரோனிகஸ்', ஆறாம் ஹென்றி 'ஹேரி'. தமிழை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ற ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல இருக்கீங்கல்ல, பெரியப்பா ஒரு மாதிரி போடுவார் சித்தி ஒரு மாதிரி போடுவாங்க, ஆனா வாய்விட்டுப் படிச்சா எல்லாமே புரியும், அதே கதைதான் இது. வரியை வாய்விட்டுப் படிங்க. தேடும்போது ஒரு பேருக்கு அஞ்சாறு ஸ்பெல்லிங்காவது எழுதி வச்சுக்கிட்டு தேடுங்க, அதைவிட நல்லது அந்த வருஷத்துப் பக்கங்களை முழுசா கண்ணால ஓட்டிடுறது.

காசு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நம்ம தாத்தா காலத்து ரூபா அணா பைசா கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இது ஜுஜுபி. தொகை எல்லாம் ரோமன் எண்ல இருக்கும், கடைசி ஒண்ணுக்கு வால் நீட்டி 'ஜே' மாதிரி போட்டிருப்பாங்க. 40 ஷில்லிங்னா நாலு 'எக்ஸ்' வரிசையா நிக்கும், அது ரெண்டு பவுண்டு. மார்க்னு ஒண்ணு வரும், அது 13 ஷில்லிங் 4 பென்ஸ், கணக்குல மட்டும்தான், கையில நாணயமா இருக்காது.

தேதி: அங்க அப்ப சட்டப்படி புது வருஷம் மார்ச் 25ல பிறக்கும். அதனால ஜனவரி 1593னு நோட்டுல இருந்தா நம்ம கணக்குல அது 1594. டைட்டஸ் நாடகத்தோட முதல் வசூல் வரி இந்தக் குழப்பத்துலதான் கிடக்கு. எக்செல் ஷீட்ல ரெண்டு நெடுக்கு வரிசை வச்சுக்கோங்க, "நோட்டுல உள்ள தேதி", "நம்ம தேதி". ரெண்டையும் ஒரே வரிசையில போட்டா செத்தீங்க.

4. அந்த வரி எதுக்காக எழுதப்பட்டதுன்னு கேளுங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருக்கணும்னா அது இதான். ஹென்ஸ்லோ நமக்காக நாடக வரலாறு எழுதல, யார் தனக்கு எவ்வளவு பாக்கின்னு எழுதினார். ஒவ்வொரு வரியும் ஒரு காசு கை மாறினதுக்கு சாட்சி, அதுக்கு மேல எதுக்கும் இல்ல.

நோட்டு ரெண்டு ரகமா பிரியும். 1592 பிப்ரவரி 19ல இருந்து 1597 நவம்பர் வரைக்கும் அன்னிக்கு எந்த நாடகம், தன் பங்குக்கு எவ்வளவு வந்துச்சுன்னு தினசரி வரி இருக்கும். உங்க நாடகம் இந்தக் காலத்துல வந்தா லாட்டரிதான், எத்தனை தடவை ஓடுச்சு, கூட்டம் எப்ப குறைஞ்சுது எல்லாம் எண்ணிடலாம். சில வரிக்குப் பக்கத்துல 'நெ'ங்கிற மாதிரி ரெண்டெழுத்துக் குறி இருக்கும், பெரும்பாலும் புது நாடகம்னு எடுத்துப்பாங்க, ஆனா பழசைத் தூசி தட்டிப் போட்டதுக்கும் அது வந்திருக்குன்னு வாதம் உண்டு, அதனால "முதல் காட்சி"ன்னு அடிச்சு எழுதாதீங்க.

1597க்கு அப்புறம் தலைப்பு போட்ட தினசரி வசூல் கிடையாது. கம்பெனிக்காக ஹென்ஸ்லோ கொடுத்த கடன் வரிதான்: எழுதறவங்களுக்கு அட்வான்ஸ், முழுத் தொகை, டிரெஸ், லைசென்ஸ். என் நாடகம் இந்தக் காலத்துல மாட்டுச்சு. கிடைச்சது மூணு வரி, அதை அப்படியே சொல்றேன்.

1599 ஆகஸ்ட் 10: ஜான்சனுக்கும் டெக்கருக்கும் அட்வான்ஸ் 40 ஷில்லிங், அவங்க எழுதிக்கிட்டு இருக்கிற புத்தகத்துக்காக (நாடகத்தைத்தான் அப்படிச் சொல்றார்). செப்டம்பர் 2: மீதி 6 பவுண்டு, முழுப் பணமும் தீர்ந்தது. செப்டம்பர் 12: இந்த நாடகத்துக்குப் பொம்பளை கவுன் வாங்க 10 பவுண்டு.

இதை வச்சு உக்காந்து யோசிங்க. அட்வான்ஸுக்கும் கடைசிப் பணத்துக்கும் நடுவுல 23 நாள், ரெண்டு பேர் சேர்ந்து ஒரு முழு சோக நாடகத்தை அதுக்குள்ள முடிச்சிருக்காங்க. எழுதினவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 8 பவுண்டு, கவுனுக்கு 10 பவுண்டு! நான் இதைப் பாத்துட்டு சிரிச்சு, அப்புறம் கொஞ்சம் வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு, எழுத்தாளன் பொழப்பு எந்த ஊர்லயும் எந்தக் காலத்துலயும் இப்படித்தான் போல. ஆனா வேலைக்கு ஆகுற விஷயம் என்னன்னா, எழுதப் பணம் கொடுத்தா மேடை ஏறுச்சுன்னு அர்த்தம் இல்ல, பாதியில நின்ன நாடகம் ஏகப்பட்டது இருக்கு. ஆனா பணம் தீர்ந்து பத்து நாள்ல அவ்வளவு செலவு பண்ணி டிரெஸ் எடுத்திருக்காங்கன்னா ஒத்திகை வரைக்காவது வந்திருக்கும்னு சொல்லலாம். நான் ஷீட்ல "மேடை: அனேகமா" ன்னு போட்டேன், "ஆமா"ன்னு போடல.

அதே மாதிரி லைசென்ஸ் வரி கிடைச்சா தங்கம். மாஸ்டர் ஆஃப் தி ரெவல்ஸ்னு அரசாங்க சென்சார் அதிகாரி ஒருத்தர் உண்டு, ஒரு நாடகத்துக்கு அவர் ஆபீஸுக்கு 7 ஷில்லிங் கட்டணும். அந்த வரி இருந்தா ஸ்க்ரிப்ட் முடிஞ்சு ஆபீஸ் வரைக்கும் போயிருக்குன்னு தைரியமா சொல்லலாம். அதே வருஷக் குளிர்காலத்துல எழுதப்பட்ட இன்னொரு கொலை நாடகம், பீச்சங்கிற வியாபாரியைக் கொன்ன கதை, அதுக்கு இந்த 7 ஷில்லிங் வரி நோட்டுல இருக்கு.

5. ஸ்டேஷனர்ஸ் ரெஜிஸ்டர்

புத்தகம் அச்சடிக்கிறவங்க சங்கத்தோட பதிவேடு. 6 பென்ஸ் கட்டி இந்தப் புத்தகம் என்னோடதுன்னு பதிஞ்சுக்குவாங்க. எட்வர்ட் ஆர்பர் 19ம் நூற்றாண்டுல அச்சுல கொண்டு வந்தது இலவசமா கிடைக்கும், இப்ப ஆன்லைன் தேடலும் வந்திருக்கு. ஒரு நாள் போதும்.

பேஜ் இதுல இல்ல. இல்லாததையும் குறிச்சு வைங்க, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும் பாத்தீங்கன்னும் சேர்த்து, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு அதையே மறுபடி தேடுவீங்க, நான் தேடினேன்.

ரெண்டு பக்கமும் பொறி இருக்கு இங்க. பதிஞ்சிருந்தா அச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. பதியலன்னா அச்சாகலன்னும் அர்த்தம் இல்ல. ஷேக்ஸ்பியரோட 'லவ்ஸ் லேபர்ஸ் வொன்' கதை தெரியுமா? 1598ல பிரான்சிஸ் மியர்ஸ்ங்கிற எழுத்தாளர் போட்ட ஷேக்ஸ்பியர் நாடகப் பட்டியல்ல பேர் வருது, ரொம்ப காலம் அது வேற ஏதோ நாடகத்தோட இன்னொரு பேர்தான்னு நிறைய பேர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1953ல ஒரு பழைய பிரசங்கப் புத்தகத்தோட பைண்டிங்குக்குள்ள திணிச்சிருந்த காகிதத்துல ஒரு புத்தகக் கடைக்காரர் 1603 ஆகஸ்ட்ல வித்த பட்டியல் கிடைச்சுது, அதுல இந்தப் பேர் இருக்கு. பதிவேட்ல இல்லாத நாடகம் கடையில வித்திருக்குபோல.

6. அரண்மனைக் கணக்கு: இதுக்கு மட்டும்தான் நேர்ல போகணும், அதுவும் கடைசியா

ராணி முன்னாடி ஆடினா அரண்மனை கஜானா கணக்குல பணம் கொடுத்த வரி இருக்கும். ஆனா எலிசபெத் காலத்துல பெரும்பாலும் கம்பெனி பேரும் தேதியும் தொகையும்தான், நாடகப் பேர் அபூர்வம். அதனால புதுசா வர்றவங்க இதுல ஆரம்பிக்கவே கூடாது. அசல் எல்லாம் லண்டன்ல க்யூ (Kew)ங்கிற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல. போகணும்னே இருந்தா ரீடர்ஸ் டிக்கெட் இலவசம், ஆனா பேருக்கு ஒரு ஆதாரம், முகவரிக்கு ஒரு ஆதாரம்னு ரெண்டு கேப்பாங்க, வெளிநாட்டுல இருந்து போறவங்க முகவரி ஆதாரத்துலதான் மாட்டிக்குவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே எதை ஏத்துப்பாங்கன்னு அவங்க சைட்ல பாத்து எடுத்து வைங்க. ஆவணத்தை முன்கூட்டியே ஆர்டர் பண்ணிடுங்க. நம்ம ஃபோன்லயே படம் எடுத்துக்கலாம், ஃபிளாஷ் மட்டும் போடக் கூடாது.

7. சாமான் பட்டியலைத் தவற விடாதீங்க

எனக்குப் பிடிச்ச பகுதி இது. 1598 மார்ச்ல, ரோஸ் தியேட்டர்ல ஆடின அட்மிரல் நாடகக் கம்பெனியோட மேடைச் சாமான் எல்லாத்தையும் ஒரு பட்டியல் போட்டிருக்காங்க. அசல் தொலைஞ்சு போச்சு, ஆனா மலோன்ங்கிற அறிஞர் 1790ல அதை அச்சுல போட்டுட்டார், நல்ல வேளை. ஒரு பாறை, ஒரு கூண்டு, ஒரு கல்லறை, ஒரு நரக வாய், 'ஃபாஸ்டஸ்' நாடகத்துக்கு ஒரு டிராகன், ரோமாபுரி நகரம்... இதுக்கு நடுவுல ஃபேத்தனோட ரதம்னு ஒண்ணு. ஃபேத்தன் நாடகம் இன்னிக்கு இல்ல, டெக்கர் எழுதினது, ஆனா சூரியன் மகன் ஓட்டிக் கவுத்த அந்த ரதத்தை மேடையில உண்மையாவே கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்கன்னு இந்த ஒரு வரி சொல்லுது. 'பெலண்டன் தொழுவம்'னு இன்னொண்ணு, அது 1594ல ரோஸ் பக்கம் ஓடின பெலின் டன்ங்கிற திருடன் கதையோட சாமான். ஸ்க்ரிப்ட் காத்துல போயிடுச்சு, தொழுவம் கணக்குல நிக்குது.

என் நாடகம் 1599, பட்டியல் 1598, அதனால எனக்கு இது உதவல. உங்களுக்கு உதவலாம்.

இது போக 'ப்ளாட்'னு ஒண்ணு உண்டு, எந்தக் காட்சிக்கு யார் உள்ள போகணும்னு எழுதி திரைக்குப் பின்னாடி மாட்டி வைக்கிற அட்டை. விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் மிச்சம் இருக்கு, உங்க நாடகத்துக்கு இருந்தா டேட்டாபேஸ் பக்கத்துலயே சொல்லியிருப்பாங்க.

8. கதையைப் பிடிக்கிறது

தலைப்புல இருக்கிற ஆள் நிஜமா இருந்தாரான்னு பாருங்க. பேஜ் இருந்தார். பிளிமத்துல பணக்கார வியாபாரி, பொண்டாட்டியை இழந்தவர், உலாலியாங்கிற பொண்ணை அவ விருப்பம் இல்லாம அவருக்குக் கட்டி வச்சாங்க, அவளுக்கு ஜார்ஜ் ஸ்ட்ராங்விட்ஜ்ங்கிறவன் மேல முன்னாடியே ஆசை. 1591 பிப்ரவரியில கூலி கொடுத்துப் பேஜைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னாங்க, மாட்டிக்கிட்டாங்க, தூக்கு. அதே வருஷம் இதை விவரிச்சு ஒரு சின்னப் புத்தகம் வந்துச்சு, கூடவே தெருவுல விக்கிற பாட்டுகளும். நம்ம ஊர்ல முன்னாடி கொலைச் சிந்துன்னு காலணாவுக்கு வித்தாங்களே, அதே சரக்கு. ஒரு பாட்டு முழுக்க அவளே பேசுற மாதிரி, மனசுக்குப் பிடிக்காத இடத்துல பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற பெத்தவங்களைப் பாத்து அழுது சொல்ற மாதிரி போகும்.

தேட வேண்டிய இடம்: பாட்டுக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், சாண்டா பார்பரா நடத்துற ப்ராட்சைட் பேலட் ஆர்க்கைவ், இலவசம், சிலதைப் பாடியே வச்சிருக்காங்க. சின்னப் புத்தகங்களுக்கு பழைய இங்கிலீஷ் புத்தகங்களை டைப் பண்ணி வச்ச டிசிபி (டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப்) கலெக்‌ஷன், முன்னாடி சந்தா கட்டணும், 2015லயும் 2020லயும் ரெண்டு கட்டமா எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. இன்னும் அதுக்கு காசு கேக்கிற இடத்துல காசு கட்டாதீங்க. பக்கத்தோட போட்டோவே வேணும்னாதான் சந்தா வேணும்.

இங்க பெரிய பொறி: பாட்டுல இருக்கிறதை எல்லாம் நாடகத்துல இருந்துச்சுன்னு எழுதிடறது. சம்பவம் 1591, நாடகம் 1599, நடுவுல எட்டு வருஷம். ஜான்சனும் டெக்கரும் என்ன மாத்தினாங்கன்னு பாட்டு சொல்லாது. நான் முதல் டிராஃப்ட்ல "மூணாம் அங்கத்துல விஷம் வைக்கும் காட்சி"ன்னு எழுதிட்டேன், ஒரு நண்பர் படிச்சுட்டு "நீ நேர்ல பாத்தியா"ன்னு ஒரே கேள்வி கேட்டார், முழுப் பத்தியையும் அழிச்சேன். பத்து பவுண்டு கவுனை வச்சு பெண் பாத்திரங்களுக்கு நல்ல இடம் இருந்திருக்கும்னு சொல்லலாம், அதுவரைக்கும்தான்.

9. ஒரே நாடகமா ரெண்டா?

ஒரே நாடகத்துக்கு ரெண்டு மூணு பேர் சாதாரணம். ஹென்ஸ்லோ 'ஜெரோனிமோ'ன்னு எழுதுறது 'ஸ்பானிஷ் ட்ராஜடி', 'கைஸ்'னு எழுதுறது மார்லோவோட 'மேசகர் அட் பாரிஸ்'. பேஜ்கூட ஒரு வரியில வெறும் பேரா, இன்னொரு வரியில "சோக நாடகம்"னு அடைமொழியோட வருது. அதனால காணாமப் போச்சுன்னு நீங்க நினைக்கிறது ஏற்கனவே அச்சுல இருக்கிற நாடகத்தோட செல்லப் பேரா இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு, ஒரே பேர்ல ரெண்டு நாடகம். 1594 ஜூன் 9ல லண்டனுக்குத் தெக்கால இருந்த நியூவிங்டன் தியேட்டர்ல 'ஹாம்லெட்' ஆடி ஹென்ஸ்லோவுக்கு 8 ஷில்லிங் வந்திருக்கு. நம்ம படிக்கிற ஹாம்லெட்டான்னா, இல்லன்னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. 1596ல தாமஸ் லாட்ஜ்ங்கிற எழுத்தாளர் எழுதினதுல, சிப்பி விக்கிற பொம்பளை மாதிரி தியேட்டர்ல "ஹாம்லெட், பழிவாங்கு!"ன்னு பரிதாபமா கத்துற ஆவின்னு ஒரு நக்கல் வருது. இன்னிக்கு இருக்கிற ஹாம்லெட் பிரதியில அந்த வசனம் அப்படி கிடையாது. தொலைஞ்ச நாடகத்துல இருந்து மிஞ்சினது அனேகமா ஒரு ஆவியோட ஓலம் மட்டும்தான்.

10. செலவும் நேரமும், அப்புறம் மெயில்

வீட்டுல உக்காந்து பண்ணினா செலவு நெட்டும் கொஞ்சம் பிரிண்ட் அவுட்டும்தான். எனக்கு ஆன 1,400 உங்களுக்கு வேணாம். முதல் வீக்கெண்ட் தலைப்பும் டேட்டாபேஸும், ரெண்டாவது நோட்டு, மூணாவது ரெஜிஸ்டரும் சாமான் பட்டியலும், நாலாவது கதை, அஞ்சாவது எழுதுறது. கையெழுத்துப் படத்தோட அச்சு வரியை ஒப்பிட்டுப் பாக்கிற வேலை மட்டும் எதிர்பாத்ததை விட ரெட்டிப்பு நேரம் எடுக்கும். அந்தக் காலத்துக் கையெழுத்துக்கு செக்ரட்டரி ஹேண்ட்னு பேரு, முதல் பத்து வரிக்கு எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு.

சந்தேகம் வந்து ஆவணக் காப்பகத்துக்கு மெயில் போடுறீங்கன்னா "இந்த நாடகம் உங்ககிட்ட இருக்கா"ன்னு போடாதீங்க, பதில் வராது, இல்ல "இல்லை"ன்னு ஒரு வரி வரும். கையெழுத்துப் பிரதி எண், தாள் எண், அந்தத் தாளோட எந்தப் பக்கம், எத்தனாவது வரி, எந்த எழுத்து புரியல, பதிப்புல எப்படிப் போட்டிருக்கு, இவ்வளவும் சேர்த்து அஞ்சு வரிக்குள்ள கேளுங்க. நான் முதல்ல அனுப்பினது ஒண்ணரைப் பக்கம், பதிலே இல்ல. ரெண்டாவது அஞ்சு வரி, நாலாம் நாள் பதில் வந்துச்சு.